துடைத்து வைத்த காடு

நான் மழையில் ஊறி வளர்ந்தவள். அப்பாவுக்கு மின்சார வாரியத்தில் வேலை. கேரளத்து மலைமேல் சித்திரபுரத்துக் குவார்ட்டர்ஸில் ஆனி பிறந்துவிட்டால் துணி காய மூன்று நாள் ஆகும்; அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் பள்ளிக்கூடப் பாவாடையை உலர்த்துவோம். அங்கே மலையாளப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்த என்னை, சொந்தத்திலேயே, வடகரப்பதிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அதுவும் கேரளம்தான். ஆனால் இங்கே மேகம் பாலக்காட்டுப் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக வரும், எங்கள் தலைக்கு மேல் ஒரு நிமிஷம் நிற்பது போலப் போக்குக் காட்டும், அப்படியே கிழக்கே கோயமுத்தூருக்குப் போய்விடும். வந்த முதல் வருஷம் நான் வாசலில் நின்று மேகத்தைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் மேகம் போக்குக் காட்டக்கூட வரவில்லை. எங்களுக்கு ஐந்து ஏக்கர் செம்மண் காடு. மழையை மட்டும் நம்பிய நிலத்தை எங்கள் பக்கம் காடு என்றுதான் சொல்வோம். வைகாசிக் கடைசியில் இரண்டு மழை பெய்ததை நம்பி, விதைக்கென்று எடுத்து வைத்திருந்த கடலைக்காய் முழுவதையும் மாமனார் விதைத்துவிட்டார். முளைத்தது, மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது, காய் பிடிக்கிற நேரம் பார்த்து வானம் கையை விரித்துவிட்டது. ஆவணி முடிவதற்குள் காடு முழுவதும் பழுப்பாகிவிட்டது.

பயிர் போனதுகூடப் பெரிதில்லை. ஐப்பசி மழை எப்படியும் ஒரு நாலு நாள் எட்டிப் பார்க்கும். அப்போது கொத்துக்கடலை என்கிற குறுகிய கால நிலக்கடலையைப் போட்டால் தையில் எடுத்துவிடலாம். ஆனால் போடுவதற்கு விதை வேண்டுமே! வீட்டில் ஒரு படி விதை இல்லை, வாங்கக் கையில் காசும் இல்லை. என் வீட்டுக்காரர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"வெதையில்லாத காட்டுல நின்னுட்டு என்ன பண்டறது? கோயமுத்தூர் மில்லுல ஆள் எடுக்கறாங்களாம். ஐப்பசிக்குள்ள வெதை கெடைக்காட்டி நான் கெளம்பறேன்."

கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது.   ஒரே பையன் நிலத்தை விட்டுப் போகிறேன் என்கிறான். மாமனார் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அந்த வாரம்தான் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் அந்த நோட்டீஸ் ஒட்டினார்கள். முழுக்க மலையாளம். எங்களுடையது தமிழ் பேசும் ஊர்; மலையாளம் பேச எல்லோருக்கும் கொஞ்சம் வரும், படிக்கத்தான் ஆளில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் படிக்கப் படிக்க எனக்கே குரல் உயர்ந்துவிட்டது. வறட்சியில் பயிர் போன விவசாயிகளுக்கு அவசர நிவாரணம், மறு விதைப்புக்குப் பணம், உடனே விண்ணப்பிக்க வேண்டும், ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார். இதைச் சொன்னதும் சுற்றி நின்ற கூட்டம் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது. எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. மருமகள் என்பதால் குதிக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு இரண்டு நாள் எனக்குத் தலை நிமிர நேரமில்லை. பஞ்சாயத்து ஆபீஸ் வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சைப் போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். ஊரில் எத்தனை வீடு உண்டோ அத்தனை வீட்டுக்கும் விண்ணப்பம் எழுதினேன். ஒவ்வொருவரும் வந்து, "அம்மிணி, நல்லா அழுத்தி எழுது" என்பார்கள். அழுத்தி எழுதினால் அழுத்தமான பணம் வரும் என்று நினைத்தார்களோ என்னவோ, நானும் பேனா முனை வளையும் அளவுக்கு எழுதினேன். விரல் வீங்கிவிட்டது. இரண்டாம் நாள் மத்தியானம் பஞ்சாயத்துப் பியூன் வந்து, நாளைக்கே ஆபீசர் வருகிறார், முதலில் எங்கள் காடுதான் என்று சொன்னான். செய்தியை வீட்டில் சொல்லச் சொல்லி அங்கிருந்தே ஆள் அனுப்பினேன். மீதி விண்ணப்பங்களை முடித்துவிட்டு நான் வீட்டுக்குக் கிளம்பும்போது பொழுது சாய்ந்திருந்தது.

வழியெல்லாம் காடுகளில் ஒரே நடமாட்டம். ஆணும் பெண்ணும் குனிந்து எதையோ செய்துகொண்டிருந்தார்கள். எனக்கிருந்த சந்தோஷத்தில் அது என்னவென்று பார்க்கத் தோன்றவில்லை.

எங்கள் காட்டு வேலிக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

காடு காலி. ஐந்து ஏக்கரிலும் ஒரு காய்ந்த செடி இல்லை. அத்தனையையும் பிடுங்கி, மாட்டுக்கு ஆகும் என்று கொடியை ஒரு மூலையில் போராக அடுக்கியிருந்தார்கள். சருகைக்கூடக் கூட்டி அள்ளியிருந்தார்கள். வேலியில் நீட்டிக்கொண்டிருந்த முள்ளையெல்லாம் வெட்டி ஒழுங்கு பண்ணி, நுழைகிற இடத்தில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். குடிக்கவே தண்ணீர் இல்லாத வருஷத்தில்! மாமனார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு முகமெல்லாம் சிரிப்பாக என்னிடம் வந்தார்.

"எப்புடி அம்மிணி? வாசலாட்டக் கூட்டி உட்டுட்டம் பாத்தியா. செடிதான் சனியன், பாதி காயி மண்ணுலயே நின்னு போச்சு. போனாப் போகட்டும்."

"மாமா, எதுக்குங்க இப்படிப் பண்ணுனீங்க?" என்றேன்.

"ஏன், ஆபீசரு வர்றாரல்ல? ஒறம்பரை வர்றப்ப காஞ்ச காட்டையா காட்டச் சொல்ற? என்ற மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெக்கறது?"

ஒறம்பரை என்றால் எங்கள் பக்கம் விருந்தாளி. விருந்தாளி வந்தால் வீட்டுக்கு வெள்ளை அடிப்பார்கள், ஒப்புட்டு என்கிற போளி சுடுவார்கள், காட்டைச் சுற்றிக் காட்டுவார்கள். அந்தக் காட்டில் ஒரு களை தெரிந்தால் மானம் போய்விடும். காய்ந்த வெள்ளாமையை வேற்றாள் கண்ணில் படவிடுவதைவிட அவர்கள் பட்டினியே கிடப்பார்கள். இது எனக்குத் தெரியாததா? தெரிந்தும், இரண்டு நாளாக மரத்தடியில் உட்கார்ந்து பேனாவைத் தேய்த்துக்கொண்டிருந்தேனே தவிர, ஒரு வார்த்தை சொல்லி வைக்கத் தோன்றவில்லை. என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"மாமா, அவரு விருந்துக்கு வல்லீங்க. நாசத்தப் பாக்க வர்றாருங்க. பாக்கறதுக்கு நாசம் வேணுமுங்களே! இப்ப எங்கீங்க நாசம்?" என்று கத்திவிட்டேன்.

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் போரைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார், தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். என் வீட்டுக்காரர் பிடுங்கிய செடியைத் திரும்ப நட்டுவிடலாமா என்று கேட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஊரில் மற்றவர்களும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை ஆபீசர் வந்தார். மலையாளி, ஒல்லியான மனிதர், முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் நீளக்குடை, கூடவே பஞ்சாயத்துப் பியூன். என் மாமியார் ஒப்புட்டு, பணியாரம், காபி என்று வரிசையாக வைத்திருந்தார். அந்த மனிதர் ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டு காட்டுக்கு வந்தார். ஒரு முறை இடமிருந்து வலமாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "கிருஷி எவிடே?" என்றார். பயிர் எங்கே என்று கேட்கிறார். நான் போரைக் காட்டினேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நிலத்தில் நிற்கிற பயிரைப் பார்த்துத்தான் நஷ்டம் எழுத முடியும், அடுக்கி வைத்த கொடி எந்தக் காட்டுக் கொடி, எந்த வருஷத்துக் கொடி என்று நான் எப்படிச் சொல்வேன், விளைந்ததை எடுத்துக்கொண்டு கொடியை அடுக்கியிருக்கலாமே என்று நிதானமாக மலையாளத்தில் சொன்னார். சொன்னது நியாயம்தான். பியூன் மேற்கே கையைக் காட்டினான். பக்கத்துக் காட்டுக்காரர் ஊரிலேயே பேர்போன சோம்பேறி. முதல்நாள் ஊரே வேலை செய்தபோது வெற்றிலை போட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தவர். அவர் காட்டில் மட்டும் காய்ந்த செடி காற்றில் சரசரத்துக்கொண்டு, பார்க்கப் பரிதாபமாக, அப்படியே நின்றது. ஆபீசர் வேலி ஓரமாக நின்று பார்த்து, மளமளவென்று முழு நஷ்டம் என்று எழுதிவிட்டார். சோம்பேறி வாயில் வெற்றிலையோடு ஒன்றும் புரியாமல் கும்பிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. உழைத்தவன் காட்டுக்கு ஒன்றுமில்லை, படுத்துக் கிடந்தவன் காட்டுக்கு முழுசாக!

ஆபீசர் குடையை விரித்துக் கிளம்பப் பார்த்தார். மாமனார் பார்வையைத் தரையில் போட்டு நின்றார். என் வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கோயமுத்தூர் போகிற ரோடு. அப்போதுதான் மாமனார் முந்தின நாள் சொன்னது எனக்குள் சுரீரென்று தைத்தது. பாதிக் காய் மண்ணிலேயே நின்றுவிட்டதாம். இறுகிய மண்ணிலிருந்து கடலைச் செடியைப் பிடுங்கினால் கொடி மட்டும்தான் கையோடு வரும். காய் அறுந்து உள்ளேயே இருக்கும்!

நான் ஓடினேன். அத்தனை பேர் முன்னால் ஒரு மருமகள் ஓடுகிறாள் என்பதையெல்லாம் யோசிக்கவில்லை. மாட்டுக் கொட்டகையில் செருகியிருந்த களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வந்து, ஆபீசர் காலடியிலேயே குந்தி உட்கார்ந்து கொத்த ஆரம்பித்தேன். மண் கல்லாகக் கிடந்தது. நாலு கொத்துக்கு ஒரு கைப்பிடி பெயர்ந்தது.

"அம்மிணி! எந்திரி!" என்று மாமனார் கத்தினார். "அடுத்தவங்க முன்னால என்ற காட்டத் தோண்டி அசிங்கம் பண்ணாத. எந்திரி சொல்றேன்!"

அவர் சொல்லி நான் கேட்காதது அதுதான் முதல் தடவை. நான் நிறுத்தவில்லை. மண்ணுக்குள்ளிருந்து வேர் வந்தது, வேரோடு அறுந்து நின்ற காய்கள் வந்தன. சுண்டுவிரல் நுனி அளவு, சுருங்கிப்போன காய்கள். உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். ஆபீசர் குடையை மடக்கிக் கீழே வைத்துவிட்டு, வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார். ஒரு காயை விரலால் அழுத்தினார். டப்பென்று உடைந்தது. உள்ளே ஒன்றுமில்லை. இன்னொன்று, அதுவும் பொக்கு. ஏழெட்டு உடைத்துப் பார்த்தார்.

"ஒரு இடத்தில் இப்படி இருக்கலாம். காடு முழுவதும் இப்படித்தான் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நான் அதை மாமனாருக்குத் தமிழில் சொன்னேன்.  அவர் திரும்பி வீட்டுப் பக்கம் வேகமாக நடந்தார். போச்சு, கோபித்துக்கொண்டு போய்விட்டார், காட்டுக்குச் சொந்தக்காரரே போய்விட்டால் இந்த மனிதர் யாரை வைத்து எழுதுவார் என்று நினைத்தேன்.

அவர் போனது கடப்பாரை எடுக்க. தோளில் போட்டுக்கொண்டு வந்தவர் எங்களைத் தாண்டி நேரே தென்கிழக்கு மூலைக்குப் போனார். இரண்டு கால்களையும் அகட்டி நின்று ஓங்கிக் குத்தினார். புழுதி கிளம்பியது.

"அய்யா, இங்க வாங்க. என்ற காட்டுலயே இதுதானுங்க நல்ல எடம். என்ற அப்பன் காலத்துல இருந்து இந்த மூலையில காயி தப்புனதே கெடையாது. இங்க பாத்துக்கோங்க" என்றார்.  மண்ணைக் கையாலேயே விலக்கினார். அங்கேயும் அதே பொக்குதான். அதை அவர் ஆபீசரின் கையில் தானே எடுத்து வைத்தார்.

 ஆபீசர் பியூனை அழைத்து, தன் குடையின் நீளத்துக்கு நாலு பக்கமும் கோடு போடச் சொன்னார். இப்படி ஒவ்வொரு காட்டிலும் மூன்று இடத்தில் சதுரம் போட்டுத் தோண்டுங்கள், காயை நான் உடைத்துப் பார்த்து எழுதுகிறேன் என்றார். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் சைக்கிளில் ஏறிவிட்டார். ஊர் முழுக்கச் சொல்ல வேண்டுமே!

அன்றைக்கு மத்தியானத்தை நான் எப்படி மறப்பேன்? நாங்கள் போகிற ஒவ்வொரு காட்டிலும் பெண்கள் களைக்கொத்தோடு தயாராக நின்றார்கள். ஆபீசர் குடையைக் கீழே வைத்ததும் நாலு பேர் பாய்ந்து கொத்துவார்கள். ஒருத்தி பொக்குக் காயைத் தூக்கிக் காட்டி, "கெடச்சுதுங்க!" என்று கூவுவாள். விளையாத காய் கிடைத்ததற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பியூனுக்குக் கடலைத்தோல் குத்தி நகக்கண்ணில் ரத்தமே வந்துவிட்டது. சாயங்காலம் கிளம்பும்போது ஆபீசர் எங்கள் வீட்டுக்கு வந்து மீதி ஒப்புட்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஆனால் மாமனார் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. என்னிடம் சொல்ல வேண்டியதை மாமியாரிடம் சொல்வார். "அவளச் சாப்புடச் சொல்லு" என்பார், நான் எதிரில் நிற்கும்போதே. அவர் காட்டின் வெறுமையை வெளியாளுக்குத் தோண்டிக் காட்டியது நான்தானே. எனக்கு அழுகையும் வந்தது, வீம்பும் வந்தது. நானும் பேசவில்லை.

பணம் வருவதாகவே காணோம். புரட்டாசி போயிற்று. ஐப்பசி பிறந்து ஒரு வாரத்தில், ஒரு நாள் விடியற்காலை, கிழக்கே இடி இடித்தது. நான் வாசலுக்கு ஓடி வந்தேன். இந்தத் தடவை மேகம் போக்குக் காட்டவில்லை. கொட்டு கொட்டென்று கொட்டியது. மண்வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சித்திரபுரம் ஞாபகம் வரவில்லை; விதை இல்லையே என்பதுதான் ஞாபகம் வந்தது. செம்மண்ணில் ஈரம் மூன்று நாள், மிஞ்சினால் நாலு நாள் தாங்கும். அதற்குள் விதைத்தால் உண்டு. முதல் நாள் போயிற்று. இரண்டாம் நாளும் போயிற்று. என் வீட்டுக்காரர் இரண்டு சட்டையைத் துவைத்து மடித்துப் பையில் வைப்பதை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை பியூன் சைக்கிளில் மூச்சிரைக்க வந்தான். பஞ்சாயத்து ஆபீஸில் பட்டுவாடா, உடனே வரவேண்டும்! மாமனார் துண்டைக்கூட எடுக்காமல் சைக்கிள் பின்னால் ஏறிக்கொண்டார், மகன் மிதித்தார். பணத்தோடு வீட்டுக்கு வராமல் அப்படியே சந்தைக்கடை விதைக்காரரிடம் போய், வாடகை வண்டியில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பன்னிரண்டு மணிக்குள் வந்து இறங்கினார்கள். எல்லாம் தோலோடு இருந்த காய். உடைத்துப் பருப்பெடுத்தால்தான் விதைக்க முடியும். மாமியார், நான், சொந்தக்காரப் பெண்கள் ஆறேழு பேர் காட்டோரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டோம். டப் டப் டப்பென்று ஒரே சத்தம். ஒவ்வொரு காயிலும் இரண்டு பருப்பு, கொழுகொழுவென்று! நான் ஒவ்வொன்றையும் உடைக்கும்போது சிரித்துக்கொண்டே இருந்தேனாம். மாமியார் ரொம்ப வருஷம் அதைச் சொல்லிக் கேலி செய்வார்.

முதல் கூடை நிறைந்ததும் ஏர் பூட்டினார்கள். இரவல் மாட்டைப் பூட்டி வடக்குப் பாதியை என் வீட்டுக்காரர் ஓட்ட, அவருக்குப் பின்னால் மாமியார் விதை போட்டார். தெற்குப் பாதிக்கு மாமனார். அவர் ஏருக்குப் பின்னால் விதை போட ஆளில்லை, நான்தான் போக வேண்டியதாயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். கலப்பை பட்டதும் ஈர மண் கத்தி பட்டது போலப் பிளந்தது. இந்த விதை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும், அதனால் ஒரு பருப்புக்கும் அடுத்த பருப்புக்கும் நடுவே நிறைய இடம் விட்டு, மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்துப் போட்டுக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது உழவுசாலில் மாட்டை நிறுத்திவிட்டு மாமனார் திரும்பிப் பார்த்தார். நான் போட்டு வந்ததைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, என்னிடமே சொன்னார்.

"நெருக்கமாப் போடு கண்ணு. வெதை நெறைய இருக்குது."